2022 ரேப்பிட் ரியாக்ட் பந்து: பம்பருக்கு மேலே எடுப்பதா, இடைவெளி வழியாகவா?

புதுசட்டகம்: எஃப்.ஆர்.சி. (பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி) 2022-ல் வைத்த ரேப்பிட் ரியாக்ட் ஆட்டத்தை வைத்துப் புது மாணவர்களுக்குப் பயிற்சி ரோபோ கட்டுகிறோம். பந்து 9.5 அங்குலம், ஒரு நேரத்தில் 2 பந்துதான் வைத்திருக்கலாம். சட்டகம் 28 அங்குல அகலம். பம்பரில் (சட்டகத்தைச் சுற்றி மாட்டும் மெத்தைக் காப்பு) இடைவெளி விட்டால், பந்தை எடுக்கும் கையை நீட்டி மடக்கும் வேலை மிச்சம். அது போதுமா? பந்தை உள்ளே இழுக்கும் ரோலருக்கு ஒரு நியோ மோட்டார் போதுமா?

மரைதிருகி: இடைவெளி வேண்டாம். 2022 விதிப்படி ஒவ்வொரு மூலையிலும் பக்கத்துக்கு 6 அங்குலம் பம்பர் இருந்தே ஆக வேண்டும். 28-ல் 12 போனால் மிச்சம் 16. பந்துக்கு இரு பக்கமும் மூணேகால் அங்குலம்தான் இடம். ஓட்டுபவர் ஒவ்வொரு பந்துக்கும் நேர்பிடித்தே வரவேண்டும். பம்பருக்கு மேலே கையை நீட்டினால் சட்டக அகலம் முழுக்கப் பந்து நுழையும் வாய்தான், சட்டகத்துக்கு வெளியே 16 அங்குலம் வரை நீட்ட அந்த ஆண்டு விதியும் இடம் தந்தது. பம்பரை முடிந்தவரை தாழ்த்தி மாட்டுங்கள், பந்து ஏறும் உயரம் குறையும். ரோலரைத் தாங்கும் கைகளுக்கு அலுமினியம் வேண்டாம், பாலிகார்பனேட் (வளைந்து மீளும் பிளாஸ்டிக்) தான். சுவரில் இடித்தால் அலுமினியம் வளைந்தபடியே நின்றுவிடும், பெல்ட் கழன்றுவிடும்.

கியர்விகிதம்: ஒரு நியோ தாராளம். வேகத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ரோலர் விளிம்பு வேகமும் வண்டி வேகமும் சமமானால் பந்து தரையில் அசையாது, பம்பர் போய் இடிக்கும். குறைந்தால் பந்தை முன்னால் தள்ளிக்கொண்டே போவீர்கள். இரு மடங்கு வையுங்கள்: வண்டி விநாடிக்கு 4 மீட்டர் என்றால் ரோலர் 8. 2 அங்குல ரோலரும் 2:1 கியரும் சுமையில்லாமல் ஏறத்தாழ 7.5 தரும். ரோலரின் அடி தரையிலிருந்து 8.5 அங்குலத்தில் இருக்கட்டும், 1 அங்குலம் அழுத்தம் கிடைக்கும். இது காற்றடைத்த பந்து, அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும். கையை இறுக்கிப் பூட்டாமல் ஸ்பிரிங்கில் விடுங்கள்.

புதுசட்டகம்: உள்ளே போன இரண்டு பந்தும் ஒன்றையொன்று உரசி நிற்குமே அண்ணா?

மரைதிருகி: ஒரு பக்கம் பெல்ட், மறுபக்கம் அசையாத தகடு என்றால் கட்டாயம் நிற்கும். இரண்டும் ஒரே திசையில் உருள்வதால் தொடும் இடத்தில் எதிரெதிராகத் தேய்க்கும். இரு பக்கமும் ஒரே வேகத்தில் பெல்ட் ஓட்டுங்கள், பந்து உருளாமல் நகரும். முன்னால் வாய் குறுகும் இடத்தில் இரண்டும் சேர்ந்து வந்து அடைத்தால், இடப்பக்கச் சக்கரத்தை வலப்பக்கத்தைவிட வேகமாகச் சுற்றுங்கள். ஒன்று முந்திக்கொண்டு உள்ளே போய்விடும்.