குடும்பத்துக்கு முதல் படகு: பழசு வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

கேள்வி: பசங்க படகு இழுக்க டியூப், வேக்போர்டு (பலகைச் சறுக்கல்) போகணும். 19 அடி பௌரைடர் (முன்பக்கமும் உட்கார இடம் உள்ள படகு), ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளே, ப்ரொப்பெல்லர் உள்ள டிரைவ் பின்னால வெளியே), பழசு. எதைச் சோதிக்கணும்?

பதில் 1: முதல்ல டிரான்சம், அதாவது படகோட பின்பலகை. அதை ரப்பர் சுத்தியலால தட்டுங்க. 'டக்'னு கெட்டியாக் கேட்கணும். 'தொப்'னு மந்தமாக் கேட்டா உள்ளே மரம் ஊறி உளுத்திருக்க வாய்ப்பு அதிகம். விலையைக் குறைச்சாலும் விட்டுடுங்க.

பதில் 2: டிரைவ் பெல்லோஸோட (டிரைவுக்கும் படகுக்கும் நடுவுல தண்ணி புகாம இருக்கிற ரப்பர் உறை) மடிப்பை விரிச்சுப் பாருங்க. வெடிப்பு இருந்தா தண்ணி புகுந்து ஜிம்பல் பேரிங் (டிரைவ் ஷாஃப்டைத் தாங்குற பேரிங்) போகும், படகே மூழ்கலாம். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா சீல் போச்சு. எஞ்சின் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) எல்லா சிலிண்டர்லயும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். வித்தியாசம் 10 சதவீதம் தாண்டினா சந்தேகம்தான். தண்ணியில ஓட்டிப் பார்க்காம முன்பணம்கூட வேண்டாம்.

பதில் 3: வேக்சர்ஃபிங் (படகுக்குப் பின்னால ஒட்டியே அதோட அலையில சறுக்குறது) இதுல கூடவே கூடாது, ப்ரொப்பெல்லர் பின்னால நீட்டிட்டிருக்கும். பசங்க ஏறும்போது நியூட்ரல் போதாது, எஞ்சினையே அணைங்க.