பிடிக்காத படிப்பு: விட்டவர்கள், மாறியவர்கள், முடித்தவர்கள் – காரைக்குடிப் பக்கத்து அனுபவங்கள்

செக்காலை, காரைக்குடி

என் தம்பி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. வெளியூரில் ஒரு தனியார் கல்லூரி, ஹாஸ்டல். லீவுக்கு வந்தவன் பெட்டியைப் பிரிக்காமலே "எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம்" என்கிறான். சரி, வேறு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை. அரியர் வேறு இருக்கிறது. அப்பா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா கொப்புடையம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார்.

அட்வைஸ் போதுமான அளவு வந்துவிட்டது, சித்தப்பாவிலிருந்து பால்காரர் வரை. நடுவில் விட்டவர்கள், மாறியவர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தவர்கள் இருந்தால் உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

கோட்டையூர்

நான் விட்டவன். கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் ஆண்டோடு சரி.

அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைப் பூப்பூவாக ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டு எடுத்தால் கண்ணாடி ஒட்டிய பக்கம் பளபளவென்று வரும். நம்ம செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் குனிந்து போட்டோ எடுப்பது அந்தப் பக்கத்தைத்தான். எனக்கு அந்த வேலை வரக்கூடாது என்பதற்காகவே என்னை இன்ஜினியராக்க நினைத்தார். கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்தியது நானுமில்லை, அப்பாவுமில்லை. பெரியார் சிலைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்க்காரர். கட்-ஆஃப் எவ்வளவு என்று கேட்டார், டைப் அடித்தார், முடிந்தது.

அந்த வருடம் எப்படிப் போனது என்று விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. புரியவில்லை, தூங்கினேன். லீவில் வந்தபோது பட்டறை முதலாளி பில் போட ஆள் இல்லையென்று என்னை உட்காரவைத்தார். அங்கேதான் கதை மாறியது. சிமெண்ட் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, டைல்ஸ் விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அவருடைய ஆடிட்டர் ஆபீஸ் அண்ணன் ஒருவர் விளக்கினார். அன்றைக்கு ராத்திரி பழைய பில்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, எதில் கழிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன். புரோகிராமில் தப்பு வந்தால் எனக்கு லேப்டாப்பை மூடத் தோன்றும். கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் சாப்பிடப் போக மனம் வராது. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தால், "விட்டுட்டு என்ன செய்யப் போறேன்னு மொதல்ல சொல்லு. விடுறதைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார். அந்த ஒரு வரிக்காக நான் அந்த ஆடிட்டர் ஆபீஸுக்கு லீவு முழுக்கப் போய் உட்கார்ந்தேன். பி.காம். எங்கே, கட்டணம் எவ்வளவு, ஆடிட்டராவதற்கான சி.ஏ.வுக்கு எப்போது பதிவு செய்யலாம், ஆடிட்டரிடம் பயிற்சி எடுக்கும் ஆர்ட்டிகிள்ஷிப் எத்தனை வருடம் (முன்பு 3, இப்போது 2) எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்தாரா தெரியாது. நோட்டைத் திருப்பித் தரவில்லை. "சரி, சேரு" என்றார்.

இப்போது பி.காம். முடித்து, சி.ஏ. இடைநிலைத் தேர்வான இன்டரில் ஒரு குரூப் பாஸ் செய்துவிட்டு இன்னொன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கூடப் படித்தவர்கள் சென்னையில் ஐடி கம்பெனியில் சம்பளம் வாங்குகிறார்கள். கல்யாண வீட்டில் இதை யாராவது நினைவுபடுத்தாமல் விடுவதில்லை.

அக்கா, உங்கள் தம்பியிடம் "ஏன் வேண்டாம்" என்று கேட்காதீர்கள். அதற்கு யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. லீவில் எங்கேயாவது வேலைக்கு அனுப்புங்கள்.

தேவகோட்டை

நான் முடித்தவள். எனக்குத் தமிழ் படிக்க ஆசை. "தமிழ் படிச்சா என்ன வேலை?" என்று பெரியப்பா கேட்டதால் பி.எஸ்.சி. வேதியியல். மூன்று வருடமும் லேப்பில் டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, கலர் மாறும் நேரத்தில் நான் வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருப்பேன். ஒரு சொட்டு கூடிவிடும். மறுபடி முதலிலிருந்து.

விட நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் படிப்பை விட்டால் அடுத்த பேச்சு மாப்பிள்ளை பார்ப்பதுதான். கல்லூரியில் இருக்கும்வரை அந்தப் பேச்சு வராது. அதனால் முடித்தேன். கேட்க நன்றாக இல்லை, ஆனால் காரணம் இதுதான்.

முடித்தபின் நேராக எம்.ஏ. தமிழ் சேர இருந்தேன். பணம் கட்டுவதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டு டீச்சரம்மா தடுத்தார். அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், வேதியியலில் பி.எஸ்.சி.யும் தமிழில் எம்.ஏ.வும் வைத்திருந்தால் ஆசிரியர் தேர்வு வாரியத்தில் தள்ளிவிடுவார்கள் என்றார். அதனால் பி.ஏ. தமிழை முதலாண்டிலிருந்து தொலைநிலைக் கல்வியில் படித்தேன், பிறகு எம்.ஏ., பி.எட். "அப்புறம் மாறிக்கலாம்" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. சில வேலைகளுக்கு அப்புறம் மாற முடியும், ஆசிரியர் வேலைக்கு அடியிலிருந்து மாற வேண்டும்.

நான் படித்தபோது ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க அனுமதி இல்லை. 2022 ஏப்ரலில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அதை மாற்றிவிட்டது. கல்லூரிக்குப் போய் ஒன்று, தொலைநிலையில் இன்னொன்று என்று சேர்ந்தே படிக்கலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி காரைக்குடியிலேயே இருக்கிறது. இப்போதைய படிப்பை விட்டுவிடப் பயப்படுகிற பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: விடவே வேண்டாம், பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்கிப் பாருங்கள். சேரும் முன் அந்தப் படிப்புக்கு யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுவயல்

டிகிரி இரண்டாம் ஆண்டில் விட்டேன். எங்கள் தாத்தா காலத்தில் பர்மா, மலேயா. எங்கள் காலத்தில் சிங்கப்பூர். மச்சான் கூப்பிட்டார், போனேன். பட்டம் இல்லாததால் ஒர்க் பெர்மிட்தான். ஒரே கம்பெனியில், அதே வேலையை என்னிடம் கற்றுக்கொண்ட பையன் பட்டத்தைக் காட்டி, அதைவிட உயர்ந்த வேலை அனுமதியான மேல் பாஸுக்குப் போனான். அதற்காக எனக்கு அவன்மேல் கோபமில்லை. படிப்பு பிடிக்கவில்லை என்று விட்டதற்கு வருத்தமும் இல்லை. அந்த வருமானத்தில்தான் வீடு கட்டினேன், ரைஸ் மில்லில் பங்கு வாங்கினேன்.

தங்கச்சி, ஒன்று கவனிக்கணும். டிஎன்பிஎஸ்சி அரசு வேலைத் தேர்வுகளில் குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 2க்குப் பட்டம் வேண்டும், அது எந்தப் பட்டமாக இருந்தாலும் பெரும்பாலான பதவிகளுக்குச் சரி. தம்பிக்கு அரசு வேலை ஆசை கொஞ்சமாவது இருந்தால் இதை யோசித்துக்கொள்ளட்டும்.

அழகப்பாபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

"படிப்பு பிடிக்கவில்லை" என்று என்னிடம் வந்து நின்ற பிள்ளைகளில் பலருக்குப் படிப்பு பிரச்சினையே இல்லை. ஒருவனுக்கு ஹாஸ்டல் சாப்பாடு. ஒருத்திக்கு அறைத்தோழி. நிறையப் பேருக்கு ஆங்கிலம். பிளஸ் டூ வரை தமிழில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, முதல் மாதம் வகுப்பில் ஒன்றும் காதில் ஏறாமல் உட்கார்ந்திருக்கும். தனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிவிடும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியதற்குப் பின்னால் இந்தப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். ஆனால் எல்லாக் கல்லூரியிலும் அது கிடையாது.

ஆகவே நான் மூன்று விஷயம் கேட்பேன். பரீட்சை இல்லாதபோதும் நீயாக எடுத்துப் படித்த பாடம் எது? இதே படிப்பு உன் ஊரில், உன் நண்பர்களோடு, தமிழில் நடந்தால் படிப்பாயா? நீ போக நினைக்கும் படிப்பின் முதலாண்டுப் பாடத்திட்டத்தைப் பார்த்திருக்கிறாயா? மூன்றாவது கேள்விக்குத்தான் அதிகம் பேர் திணறுவார்கள். உளவியல் படிக்கப் போகிறேன் என்று வந்த ஒரு மாணவனுக்கு அதில் புள்ளியியல் உண்டு என்பதே தெரியாது. கணக்கிலிருந்து தப்பிக்கத்தான் அவன் அங்கே போக நினைத்தான்!

மாறுவது ஒன்றும் குற்றமில்லை. இந்த ஊரில் 1947இல் கல்லூரி தொடங்கிய வள்ளல் அழகப்பர் படித்தது ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., அப்புறம் இங்கிலாந்தில் பாரிஸ்டர். விமானம் ஓட்டவும் லைசென்ஸ் வாங்கினார். தொழில் என்று நடத்தியது ஜவுளி ஆலை. இதைச் சொன்னால் "அவருக்குப் பணம் இருந்தது சார்" என்பார்கள். நியாயம்தான்.

பணம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. முழுக்க விடாமல் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது. முன்கூட்டியே காரணம் எழுதிக் கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் வருகைப்பதிவு குறைந்து அது வேறு சிக்கலாகிவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டு பி.இ.யை முடிக்க மொத்தம் 7 ஆண்டு அவகாசம் இருக்கிறது. பையனுக்கு நேரம் இருக்கிறது, அப்பாவிடம் அதைச் சொல்லுங்கள்.

செக்காலை, காரைக்குடி

ஐயா, உங்கள் மூன்று கேள்வியையும் அவனிடம் அப்படியே படித்துக் காட்டினேன். முதலாவதுக்குக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "ஒர்க்‌ஷாப் பிடிக்கும்" என்றான். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) நிற்கும்போது நேரம் போவது தெரியாதாம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வரும் சார் ஆங்கிலத்தில் கேட்டதும் தெரிந்த பதில்கூட வாயில் வரவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிலிருந்து சில வகுப்புகளுக்கே போவதில்லை. இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்பா அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் அந்தக் கல்லூரிக்குத் திரும்பப் போக மாட்டேன் என்கிறான். கோட்டையூர் தம்பி, விலகினால் சர்டிபிகேட் தருவார்களா? மீதி வருடத்துக்கும் பணம் கட்டச் சொல்வார்கள் என்று பயமுறுத்துகிறார்கள்.

பள்ளத்தூர்

கோட்டையூர் தம்பி பதில் சொல்லும் முன் ஒரு அம்மாவாக நான் ஒன்று சொல்கிறேன். என் மகன் விலகியபோது நாங்கள் ஊருக்கு என்ன சொல்வது என்று யோசித்தே பாதி நாளை ஓட்டினோம். என் மாமியார், அவனுடைய அப்பத்தா, வாசலில் உட்கார்ந்து கேட்டவர்களிடமெல்லாம் "அது அவனுக்கு ஒத்துக்கல, வேற சேந்திருக்கான்" என்று சொல்லி முடித்துவிட்டார். யாரும் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. அவன் இப்போது பி.எஸ்.சி. கணிதம் படிக்கிறான். பிளஸ் டூவில் கணக்கு படித்து பி.எஸ்.சி. முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறதாமே, அதையும் பார்த்து வைத்திருக்கிறான். இன்ஜினியரிங்கை விட்டவன் மறுபடி அங்கேயே போவானோ என்னவோ! போனால் போகட்டும்.

கோட்டையூர்

அக்கா, என்னிடமும் கேட்டார்கள். மீதி மூன்று வருடத்துக் கட்டணத்தைக் கட்டினால்தான் ஒரிஜினல் தருவோம் என்று ஆபீஸில் சொன்னார்கள். வாய்மொழியாகத்தான் சொன்னார்கள், எழுதித் தரச் சொன்னால் தரவில்லை. அதிலேயே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇயின் விதி இதில் தெளிவு: மாணவர் எப்போது விலகினாலும் அடுத்த வருடங்களுக்கான கட்டணத்தைக் கேட்கக்கூடாது, சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டும். ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்று யுஜிசியும் 2018இல் அறிவித்திருக்கிறது. கட்டிய பணம் திரும்ப வருவது வேறு கதை. அந்த 2018 அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுதும், அதற்குப் பின் கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம், அந்தத் தேதி தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம், அதற்கடுத்த 15 நாளில் 50 சதவீதம், அதன்பின் ஒன்றுமில்லை. உங்கள் தம்பி இரண்டாம் ஆண்டில் இருப்பதால் பழைய பணத்தை மறந்துவிடலாம்.

செய்ய வேண்டியது: விலகல் கடிதத்தைத் தம்பியும் அப்பாவும் கையெழுத்திட்டு முதல்வர் பெயருக்கு எழுதுங்கள். என்னென்ன ஒரிஜினல் கொடுத்தீர்கள் என்று அதிலேயே பட்டியல் போடுங்கள். நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பல்கலைக்கழகத்துக்கும் ஏஐசிடிஇக்கும் ஒரு நகல் போகிறது என்று கடிதத்தின் அடியில் குறிப்பிடுங்கள். எனக்கு அந்தக் கடைசி வரிக்குப் பிறகுதான் ஆபீஸிலிருந்து போன் வந்தது. வாங்கும்போது டிசி, நடத்தைச் சான்றிதழ், இதுவரை எழுதிய செமஸ்டர்களின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள்.

கல்விக்கடன் வாங்கியிருந்தால் விலகும் முன் வங்கி மேலாளரைப் பாருங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது என்பது படிப்பவர்களுக்குத்தான், நிறுத்தியவர்களுக்கு எப்போதிலிருந்து கட்ட வேண்டும் என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இது எல்லாம் அவன் வேறு இடத்தில் சீட் உறுதி செய்தபிறகு. அதுவரை டிசி வாங்க வேண்டாம், ஐயா சொன்ன தற்காலிக நிறுத்தத்துக்கே விண்ணப்பியுங்கள். லேத் பிடிக்கும் என்றால் காரைக்குடியில் ஒர்க்‌ஷாப்புக்கா பஞ்சம்? எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ரைஸ் மில்லுக்கு ஸ்பேர் கடைந்து கொடுக்கிறார், உதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றால் பேசிப் பார்க்கிறேன். திங்கட்கிழமையே வரச் சொல்வார்.