கார்ன் ஃப்ளார் கட்டி தட்டுது, பீச் பூக்கவே மாட்டேங்குது

ரெண்டு டவுட்டுங்க. சூப்ல கார்ன் ஃப்ளார் போட்டா கட்டி கட்டியா ஆயிடுது. அப்புறம் கொடைக்கானல்ல வாங்குன பீச் செடி, மதுரைல மொட்டை மாடி தொட்டில 4 வருஷமா வெறும் இலைதான், ஒரு பூ இல்ல.

பதில் 1: சூடான சூப்ல நேரா மாவ கொட்டாதீங்க, 1 ஸ்பூன் மாவ 2 ஸ்பூன் பச்சத்தண்ணில கரைச்சு கொதிக்கும்போது கிண்டிக்கிட்டே ஊத்துங்க, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிடுங்க, ரொம்ப கொதிச்சா திரும்ப நீர்த்துடும். மஞ்சளா இருக்குற மக்காச்சோள மாவு வேற, நான் ஒருதடவ அத போட்டு சூப் கூழாயிருச்சு 😄

பதில் 2: பீச்சுக்கு குளிர்காலத்துல 7 டிகிரிக்கு கீழ ரகத்தைப் பொறுத்து நூத்துக்கணக்கான மணி நேரம் குளிர் வேணும், அப்பதான் மொட்டு முழிக்கும். மதுரைல எங்க போக?

அப்ப நான் போட்ட உரமெல்லாம்?

பதில் 2: இலைக்குப் போச்சு. அந்தத் தொட்டில கொய்யா வைங்க.