43 வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது, வழி சொல்லுங்கள்

அக்காமாரே, உப்புவெளியில் இருக்கிறேன். மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டிவிட்டது. 45க்கு முன்பே நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்து எலும்பு சீக்கிரம் பலமிழக்கும் என்றார் டொக்டர். முகச் சுருக்கத்துக்கு வெயிலும் ஒரு காரணமாம். பத்து வருடம் நிலாவெளிக் கடற்கரையில் கடை போட்டவள் நான், தொப்பிகூடப் போட்டதில்லை! சரி, முகம் போகட்டும், எலும்புதான் பயம். அம்மா 61 வயதில் கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுகிறேன், பின்னேரம் நடக்கிறேன்.

எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் திருகோணமலையிலேயே எடுக்கலாமா, கொழும்புக்குத்தான் போகவேண்டுமா? ஹோர்மோன் மாத்திரை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? இரவில் வியர்த்துக் கொட்டுவது எத்தனை மாதத்தில் குறைந்தது? வெள்ளையாக்கும் கிரீம் விற்பவர்கள் தயவுசெய்து இன்பொக்ஸ் பக்கம் வரவேண்டாம்.