டெர் போர்க்கின் ‘தந்தையின் அறிவுரை’: பார்த்தவர்கள், நகல் எடுத்தவர்கள் குறிப்புகள்

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தலைப்பை மறந்துவிடுங்கள். 1654 வாக்கில் இதை வரைந்த டச்சு ஓவியர் ஹெரார்ட் டெர் போர்க் வைத்த பெயர் அல்ல அது. பாரிஸில் வேலை செய்த வில்லே 1765-இல் இதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டபோது ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் எழுத்தாளர் கதே அதை நம்பி, 1809-இல் வந்த தன் நாவலில், பக்கத்தில் உட்கார்ந்து மது அருந்தும் பெண்ணைத் தாயாக்கி, அவள் சங்கடத்தை மறைக்கத்தான் மதுக் கிண்ணத்துக்குள் பார்க்கிறாள் என்று எழுதினார்.

இப்போது அந்த ‘அப்பா’வைப் பாருங்கள். படைவீரர் உடை, மடியில் தொப்பி, எதிரே நிற்கும் இளம்பெண்ணைப் பெற்றவர் என்று சொல்ல முடியாத இளம் வயது. பின்னால் பெரிய படுக்கை. உயர்த்திய கையின் விரல்களுக்கு நடுவே காசு இருந்து பிறகு அழிக்கப்பட்டது என்று வாதிட்டவர்களும் உண்டு. அறிவுரையா, காதலா, விலை பேசுவதா? பதில் சொல்லவேண்டிய பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். முகம் தெரிந்திருந்தால் இத்தனை வாதமே எழுந்திருக்காது.

*

இதே காட்சியை டெர் போர்க் வரைந்த இன்னொரு படம் பெர்லினில் இருக்கிறது, அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே அகலம் குறைவு, நாயும் இல்லை. மூன்று பேரும் நெருங்கி இருப்பதுபோல் தெரிவதால் பேச்சு இன்னும் அந்தரங்கமாகத் தோன்றும்.

*

நகல் எடுப்பவர்களுக்கு: அந்தப் பெண்ணின் சாட்டின் (பளபளக்கும் பட்டு) பாவாடையை வெள்ளையில் தொடங்காதீர்கள். முதலில் நடுத்தரச் சாம்பல் நிறத்தை மெல்லிசாகப் பூசுங்கள். கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்தால் நிறம் நீலம் பாய்ந்து செத்துவிடும், துளி அம்பர் (umber என்ற மண்பழுப்பு நிறம்) சேருங்கள். மடிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கும், மறு விளிம்பு கரைந்திருக்கும். கரைய வேண்டிய பக்கத்தை ஈரம் காயும் முன் உலர்ந்த மென்தூரிகையால் தடவிவிடுங்கள். கெட்டி வெள்ளை கடைசியில்தான், அதுவும் நூல் அளவுக்கு, கருநிழலை ஒட்டினாற்போல். எல்லா மடிப்பிலும் வைத்தால் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

*

உயிருள்ள ஆளை நிற்கவைத்தால் மூச்சு விட்டாலே மடிப்பு மாறும். 1635-இல் டெர் போர்க் லண்டனில் இருந்தபோது அவருடைய அப்பா மூட்டுகள் மடங்கும் ஓவியர் பொம்மை ஒன்றை அனுப்பிவைத்தார். நீங்களும் துணியைப் பொம்மைக்கு உடுத்தி, விளக்கை ஒரே பக்கம் வைத்து, வேலை முடியும்வரை தொடாமல் விடுங்கள்.