பெரம்பூர் தெருக் குழுவில் ஒரு கட்டைவிரல் பற்றிய பேச்சு

வாட்ஸ்அப் குழு: நம்ம தெரு, பெரம்பூர்
ஞாயிறு காலை

செல்வராணி: எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயம் பேசியே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு கோமதி அக்கா தன் அப்பா தவறிவிட்டதாக எழுதினார். தகனம் காலையில் ஓட்டேரியில் என்றும் போட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாக 👍. நேற்று சாயங்காலம் அவர் குழுவை விட்டே போய்விட்டார்.

பாபு: அக்கா, அதில் ஒன்று நான் போட்டது. ‘பார்த்துவிட்டேன், வந்துவிடுகிறேன்’ என்றுதான் அர்த்தம். மயானம் வரைக்கும் போய்க் கூடவே நின்றேன். மனதில் வருத்தம் இல்லாமலா போவேன்?

செல்வராணி: நீ நின்றதை நானும் பார்த்தேன் பாபு. உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறக்கிறவருக்கு அது எப்படிப் படும்? யாராவது ஒருவர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மாலதி: பாபு சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதே மாதிரி ஒன்று நம்ம ஹைகோர்ட்டுக்கே வந்தது. ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர் ஒருவர். மேகாலயாவில் அவர்கள் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்தி குழுவில் வர, இவர் 👍 போட்டுவிட்டார். கொலையைக் கொண்டாடுகிறார் என்று சொல்லி வேலையை விட்டே நீக்கினார்கள். 2024இல் மதுரைக் கிளை, அது ‘ஓகே, செய்தியைப் பார்த்தேன்’ என்பதற்கு ஈடாகவும் இருக்கலாம், கொண்டாட்டம் என்று கொள்ள முடியாது என்று சொல்லி அவருக்கு வேலையைத் திரும்பக் கொடுத்தது.

பாபு: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

மாலதி: ஆனால் தம்பி, அதற்கு அவர் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதியிருந்தால் கேஸே இல்லை.

ஜெசிந்தா: என் மாமியார் போன மாதம் ஊரில் ஒரு சாவுக்கு 😂 போட்டுவிட்டார்கள். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் இரண்டு பக்கமும் கண்ணீர்தான் தெரிகிறது, வாய் சிரிப்பது தெரிவதில்லை. அந்த வீட்டுப் பையன் போன் செய்து, “ஏன் பெரியம்மா சிரிக்கிறீங்க?” என்று கேட்டான். அவர்கள் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

நித்யா: எங்கள் காலேஜ் குழுவில் தலைகீழ் ஆன்ட்டி. விழுந்து விழுந்து சிரித்தால் 😭 போடுவோம். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று பதறுவாங்க.

பார்த்தசாரதி: நான் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவன். 2013 ஜூலையோடு தந்தியே நின்றுவிட்டது. அதில் வாழ்த்துக்கு எண் உண்டு. கல்யாண வாழ்த்து என்றால் வாசகத்தை அடிக்க மாட்டோம், எண்ணை மட்டும் அனுப்புவோம். அந்த முனையில் இருப்பவர் பட்டியலைப் பார்த்து முழு வாசகத்தையும் எழுதிக் கொடுப்பார். இரண்டு பக்கமும் ஒரே பட்டியல், குழப்பமே வராது. இந்தப் பொம்மைகளுக்கு அப்படி ஒரு பட்டியல் யார் கையில் இருக்கிறது?

கார்த்திக்: பட்டியல் இருக்கிறது சார். யூனிகோட் என்று பெயர். இதிலும் போவது வெறும் எண்தான், படத்தை வரைவது அவரவர் போன். 2016இல் ஆப்பிள் தன் துப்பாக்கிப் படத்தைத் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றியது. மற்ற கம்பெனிகள் மாற்றக் கொஞ்ச காலம் ஆனது. அதுவரை ஒருவர் விளையாட்டாக அனுப்பியது அடுத்தவர் போனில் நிஜத் துப்பாக்கியாகப் போய் நின்றது.

கார்த்திக்: அப்புறம் உங்கள் பட்டியலில் வாசகம் இருந்தது. இதில் படத்துக்குப் பெயர் மட்டும்தான். 🙏 என்றால் கூப்பிய கைகள். அது வணக்கமா, நன்றியா, கெஞ்சலா, அனுதாபமா என்று அதில் எழுதியிருக்காது.

பார்த்தசாரதி: அதுதான் விஷயமே. வாசகம் இல்லாத எண்.

ஷாகுல் பாய்: அதற்காக வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கடைக்கோடி வீட்டுப் பாட்டிக்கு எழுதப் படிக்க வராது. காலையில் 🥛🥛🍅🥚 என்று அனுப்புவார்கள். இரண்டு பாக்கெட் பால், தக்காளி, முட்டை. பையன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். யாரையும் கேட்காமல் தன் சாமானைத் தானே வாங்குகிறார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது.

ஷாகுல் பாய்: பாக்கி கேட்கும்போதும் உதவுகிறது. “640 ரூபாய் பாக்கி” என்று மொட்டையாகப் போட்டால் மிரட்டுகிற மாதிரி இருக்கும். பின்னால் ஒரு 🙏 வைத்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

நித்யா: கரெக்ட் பாய். வெறும் ‘சரி’ என்று வந்தாலே எங்களுக்குக் கோபமாகப் பேசுகிற மாதிரி இருக்கும். ‘சரி 🙂’ என்றால் நிம்மதி. நேரில் என்றால் முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது. இங்கே எழுத்து மட்டும்தானே?

கார்த்திக்: எழுத்தில் சிரிப்பு முகம் வந்ததே அதற்காகத்தான். 1982இல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று யாரோ கம்ப்யூட்டரில் வேடிக்கையாக எழுதப்போய், சிலர் அதை நிஜ எச்சரிக்கை என்று நினைத்துவிட்டார்கள். அப்போது ஸ்காட் ஃபால்மன் என்கிற பேராசிரியர், விளையாட்டாக எழுதினால் பக்கத்தில் :-) போடுங்கள் என்றார். கவனியுங்கள், எழுதியதற்குப் பக்கத்தில். எழுதுவதற்குப் பதிலாக இல்லை.

ஷாகுல் பாய்: பதிலாகப் போட்டால் என் வியாபாரத்திலும் தகராறுதான். “அரிசி மூட்டை இன்றைக்கு அனுப்பட்டுமா, நாளைக்கா?” என்று கேட்டால் 👍 வருகிறது. இன்றைக்கா, நாளைக்கா? மறுபடி போன் போட வேண்டியிருக்கிறது.

மாலதி: கனடாவில் ஒரு விவசாயிக்கு இது பெரிய செலவாகிவிட்டது பாய். ஆளிவிதை வாங்குகிற ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பி, உறுதிசெய்யுங்கள் என்று கேட்டார்கள். அவர் 👍 போட்டார். கிடைத்தது என்றுதான் சொன்னேன் என்று அவர் வாதம். சம்மதம்தான் என்று 2023இல் தீர்ப்பு. 82,000 கனடா டாலருக்கு மேல் கட்டச் சொன்னார்கள். இங்கே ‘பார்த்தேன்’, அங்கே ‘சம்மதம்’. இரண்டு கோர்ட்டும் முன்பின் நடந்ததைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறது, படத்தில் என்ன இருக்கிறது?

செல்வராணி: நான் கேட்பது இதுதான். மோட்டார் போட்டாச்சு, லாரி வந்தாச்சு என்றால் தாராளமாக 👍 போடுங்கள். பிறந்தநாளுக்கு கேக், பூ எல்லாம் போடுங்கள், பார்க்கவே நன்றாக இருக்கிறது. சாவு, ஆஸ்பத்திரி, வேலை போனது, இப்படி யாராவது எழுதினால் மட்டும் உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி. பக்கத்தில் 🙏 இருந்தால் இருக்கட்டும்.

ஜெசிந்தா: செய்தியை அழுத்திப் பிடித்தால் முதலில் அந்தக் கட்டைவிரல்தானே வந்து நிற்கிறது. 2022இல் இந்த வசதி வந்ததில் இருந்து விரல் தானாக அங்கே போகிறது. கொஞ்சம் நிறுத்திப் பழக வேண்டும்.

பாபு: எனக்குத் தமிழில் டைப் பண்ணக் கை வராது அக்கா. அதுதான் உண்மையான காரணம். இரங்கல் என்று எழுதுவதற்குள் வேறு எழுத்து விழுகிறது. தப்பாக எழுதினால் இன்னும் மோசம் என்று பயம்.

கார்த்திக்: பேசினால் எழுதிக்கொள்ளும் பாபு அண்ணா. கீபோர்டில் மைக் இருக்கும். சாயங்காலம் வாருங்கள், வைத்துத் தருகிறேன். இல்லையென்றால் வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். உங்கள் குரலைக் கேட்டாலே அவருக்குப் புரிந்திருக்கும்.

பார்த்தசாரதி: எனக்கும் அந்த மைக்கை வைத்துக் கொடு தம்பி.

செல்வராணி: நாலு மணிக்கு கோமதி அக்கா வீட்டுக்குப் போகிறேன். குழுவில் திரும்பச் சேர்க்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் சேர்ப்பேன். யார் வருகிறீர்கள்?

ஜெசிந்தா: நான் வருகிறேன். ராத்திரிச் சாப்பாடு என் வீட்டிலிருந்து கொண்டுவந்துவிடுகிறேன்.

மாலதி: இறப்புச் சான்றிதழுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி எடுத்து வருகிறேன்.

பாபு: நானும் வருகிறேன் அக்கா. அந்த 👍 எதற்கு என்று நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன்.