இருட்டில எடுத்த மூண்டு படம்: பிளாஷ் ஹைடரின்ர தரத்தை இது காட்டுமா?

குளக்கட்டு:
எங்கட வயற்காவல் குழுவில மூண்டு படம் சுத்துது. சுடேக்க குழல்வாயில வாற வெளிச்சத்தை (பிளாஷ்) குறைக்க அங்க பூட்டிற பிளாஷ் ஹைடரைப் பற்றினது. வெளிநாட்டுச் சுடுமைதானம் ஒண்டில, நிலவில்லாத இரவில, ஒரே 5.56 ரைபிளில எடுத்தது. முதல் படம் ஹைடர் பூட்டாத வெறுங்குழல். குழல்வாயில சின்ன வெள்ளைப் பொட்டு, ஒரு சாண் முன்னால செம்மஞ்சள் உருண்டை, அதையும் விழுங்கிக்கொண்டு உரிச்ச தேங்காயை விடப் பெரிய மஞ்சள் சுவாலை. இரண்டாவது பக்கங்களில பிளவு உள்ள கூண்டு ஹைடர்: நாலைஞ்சு கீற்று மட்டும். மூண்டாவது முன்பக்கம் திறந்த மூண்டு விரல் ஹைடர்: கிட்டத்தட்டக் கறுப்பு. மூண்டு விரல்தான் திறம் எண்டதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

நெடுங்கேணிக் காற்று:
அண்ணை, ஒவ்வொண்டிலயும் ஒரு ரவைதான் சுட்டு எடுத்திருக்கினம் எண்டா அது சாட்சியே இல்லை. பிளாஷ் ரவைக்கு ரவை மாறும். ஒரே பெட்டியில ஒண்பது ரவை இருட்டாப் போகும், பத்தாவது பளீரெண்டு பத்தும். எதிர்ப்பக்கம் நிக்கிறவனுக்குத் தெரியிறது அந்தப் பத்தாவதுதான். சராசரி பாக்கிறது பிழை, மோசமான ரவையைத்தான் பாக்க வேணும். அடுத்தது, விரல் எந்தப் பக்கம் நிண்டது? பிளவு கமராவை நேராப் பாத்தா ஒரு படம் வரும். விரல் மறைச்சா வேறை படம் வரும்.

பாலைமரம்:
முதல் படத்தில தெரியிற மூண்டும் மூண்டு வேறை விசயம். வாயில தெரியிற வெள்ளைப் பொட்டு, சன்னத்துக்குப் பின்னால வாற சூட்டு வாயு தானே ஒளிர்றது. முன்னால இருக்கிற உருண்டை, வேகமா விரிஞ்சு குளிர்ந்த வாயு அதிர்வலையில முட்டித் திரும்பச் சூடாகிறது. பெரிய சுவாலைதான் உண்மையான தீ: வெடிமருந்து முழுசா எரியாமல் மிஞ்சின காபன் மொனொக்சைட்டும் ஐதரசனும் வெளிக்காற்று ஒட்சிசனோட கலந்து பத்துது. அந்த நடு உருண்டைதான் அதுக்குத் தீக்குச்சி.

ஹைடர் ஒளியை மூடி மறைக்கிறேல்லை. வாயுவைப் பக்கவாட்டில பிரிச்சு விட்டு அந்த அதிர்வலையைக் குலைக்குது. கலவை பத்திற சூட்டுக்கு வராட்டி சுவாலையே இல்லை. அதாலதான் அந்தப் பெரிய சுவாலை படிப்படியாக் குறையிறேல்லை. பத்தினா முழுசாப் பத்தும், இல்லாட்டி ஒண்டும் இல்லை. தம்பி சொல்ற பத்தாவது ரவைக்கும் இதுதான் காரணம்.

குளக்கட்டு:
விளக்கம் சரி. ஆனா கமராவை ஸ்டாண்டில வைச்சு, ஷட்டரைத் திறந்துவிட்டு, ஒரு ரவை சுட்டு மூடினா அந்த ரவையின்ர முழு வெளிச்சமும் படத்தில விழும். கண்ணுக்கு நினைவு நிக்காது. நேற்றுப் பாத்ததையும் இண்டைக்குப் பாத்ததையும் எந்தக் கண் ஒப்பிடும்? படம்தான் நீதி.

நெடுங்கேணிக் காற்று:
கமராவை நான் எதிர்க்கேல்லை, அதைப் பிடிக்கிற விதத்தைத்தான் எதிர்க்கிறன். போனின்ர இரவு மோட் பல பிரேமை ஒண்டாக்கி, ஒரு பிரேமில மட்டும் வந்த வெளிச்சத்தைப் பிசகு எண்டு அழிச்சுப் போடும். வீடியோவும் உதவாது. பிளாஷ் சில மில்லிசெக்கன்தான், 30 பிரேம் வீடியோவில பாதிச் சுவாலை வெட்டுப்பட்டு நிக்கும்.

முறையாச் செய்யிறதெண்டா எல்லாம் மனுவல்: ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர், குவியம், வைட் பலன்ஸ் ஒண்டையும் கடைசிவரை தொடக்கூடாது. படம் கமரா திருத்தாத றோ கோப்பா இருக்க வேணும். முதலில வெறுங்குழலைச் சுட்டு, அதின்ர நடுப்பகுதி வெள்ளையா வெந்து போகாத அளவுக்கு அப்பர்ச்சரைக் குறைக்க வேணும். வெறுங்குழல் படம் வெந்திருந்தா, எவ்வளவு குறைஞ்சது எண்ட கேள்விக்கே இடமில்லை. சட்டகத்தின்ர மூலையில ஒரே பிரகாசமான சின்ன எல்ஈடி ஒண்டு எரியட்டும். அது எல்லாப் படத்திலயும் ஒரே மாதிரித் தெரிஞ்சாத்தான் ஒப்பிடலாம். ஒரு கமரா குழலுக்குச் செங்குத்தாப் பக்கத்தில, இன்னொண்டு சுடுறவனுக்குப் பின்னால சரிவா. ஒரு ஹைடருக்குக் குறைஞ்சது 10 ரவை, எல்லாம் ஒரே லொட் (ஒரே தொகுதியில செய்தது). குளிர்ந்த குழலின்ர முதல் ரவையைத் தனியாக் குறிக்க வேணும். ஒவ்வொரு ரவைக்கும் இடையில புகை கலைய விட வேணும், இல்லாட்டி முந்தின புகையில அடுத்த வெளிச்சம் பட்டுப் படம் பெருக்கும். ஹைடர் மாத்தேக்க நடுவில திரும்ப ஒருக்கா வெறுங்குழல் சுட்டுப் பாக்க வேணும்.

இந்த மூண்டு படத்தில இதில எது நடந்தது?

பாலைமரம்:
ரவையும் குழல் நீளமும் சொல்லாத சோதனை எனக்கு வேண்டாம். 20 அங்குலக் குழலில கூண்டு ஹைடரே காணும். அதே ரவையை 10.5 அங்குலத்தில சுட்டா வாயில அழுத்தம் கூட, எரியாத மருந்தும் கூட. நல்ல ஹைடரும் அங்க திணறும். இராணுவ மருந்துகளில பொட்டாசியம் உப்புக் கொஞ்சம் சேர்க்கிறவை. அது அந்தத் தீ பரவிறதை வேதியியலா அறுக்கும், பதிலுக்குப் புகையும் கரியும் கூடும். பொட்டாசியம் சேர்த்த ரவையால சுட்டுப்போட்டு ஹைடருக்குப் புகழ் குடுக்கிறது நியாயமில்லை.

குளக்கட்டு:
சரி, வரிசை மாறுமா? எந்த ரவையைப் போட்டாலும் மூண்டு விரல் முன்னுக்குத்தானே நிக்குது.

நெடுங்கேணிக் காற்று:
பிளாஷில மட்டும் பாத்தா அது பெரும்பாலும் முன்னுக்குத்தான், ஒப்புக்கொள்றன். அப்ப அமெரிக்க எம்16 ரைபிளில முதல் இருந்த மூண்டு விரலை 1960களில ஏன் கூண்டா மாத்தினவை? திறந்த விரல் கொடியில, புல்லில மாட்டும். எங்கட பத்தைக் காட்டுக்குள்ள ஈச்சையும் காரையும் என்ன செய்யும் எண்டு சொல்லத் தேவையில்லை. பிறகு வந்த எம்16ஏ2 ரைபிளின்ர கூண்டில கீழ்ப்பக்கப் பிளவை அடைச்சினம், படுத்துச் சுடேக்க தூசி கிளம்பாமல் இருக்க. சோளகம் அடிக்கிற மாதத்தில வன்னி மண்ணில தூசி பிளாஷை விடத் தூரத்துக்குக் காட்டிக் குடுக்கும். அது உங்கட இருட்டுப் படத்தில விழாது.

முத்தையன்கட்டு:
குழு வயற்காவல் குழு எண்டபடியாச் சொல்றன். இது ஒண்டும் எங்கட துவக்குக்குப் பொருந்தாது. அனுமதிப்பத்திரத்தோட காவலுக்கு வழமையாக் கிடைக்கிறது பன்னிரண்டு போர் சொட்கன். நீளக்குழல், வேகமா எரியிற மருந்து. வாய்க்கு வரேக்க அழுத்தம் இறங்கிவிடும், பிளாஷ் சின்னன். குழல்வாயால மருந்து இடிச்சுச் சுடுற இடியனில வாறது வேறை: கரிமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல திண்மமாத்தான் மிஞ்சும், அந்தத் துணிக்கைகள் பொறியாப் பறக்கும். எந்த ஹைடரும் பொறியைத் தடுக்காது. அனுமதிப்பத்திரத் துவக்கில குழல்வாயைக் கடைஞ்சு மரை வெட்டினா 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் குறுக்க வரும், குழலும் பழுதாகும். கடைச்சல் பட்டறைக்கு ஒருத்தரும் கொண்டு ஓடாதேங்கோ.

காவற்காரனுக்கு உண்மையான கரைச்சல் கண். இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு ஒரு பளிச்சுப் பட்டா முழுசாத் திரும்ப 20, 30 நிமிசம் வரை எடுக்கலாம். சுடேக்க ஒரு கண்ணை மூடி வைச்சிருந்தா அந்தக் கண் தப்பும். தலை விளக்கைச் சிவப்பில வையுங்கோ. பன்றிக்குப் பரணில இருக்கிறவைக்கு இதுதான் வேலைக்காகும்.

குளக்கட்டு:
முத்தையன்கட்டு அண்ணை சொல்றதைக் குழுவில போடுறன். தம்பிக்கு ஒரு கேள்வி: பின்னால வைக்கிற கமரா எதுக்கு? வெளிச்சம் முன்னுக்குத்தானே.

நெடுங்கேணிக் காற்று:
ஹைடர் முதல் காப்பாத்த வேண்டியது சுடுறவன்ர கண்ணை, அண்ணை. பக்கத்துப் படத்தில கூண்டும் மூண்டு விரலும் தூரமாத் தெரியலாம். பின்னாலிருந்து, குறிபாக்கிற உயரத்தில எடுத்தா அந்த இடைவெளி நல்லாக் குறையும், ஏனெண்டா துவக்கே பாதியை மறைக்குது. அந்த ஆக்களிட்டைப் பின்பக்கப் படமும், பத்து ரவையில மோசமான ரவையின்ர படமும் இருந்தா கேட்டு வாங்கிப் போடுங்கோ, பாத்துப்போட்டு வரிசை சொல்றன்.